இரண்டு இணைய லைன், ஒரே சர்வர்: இரண்டாவது லைன் வழியாக எஸ்எஸ்எச் எடுக்கவில்லை

வடக்குமாடி எழுதியது:

அலுவலகத்தில் ஒரு டெபியன் (லினக்ஸ்) சர்வர் ஓடுகிறது, அதைப் பெரும்பாலும் நான் வெளியில் இருந்து எஸ்எஸ்எச் (தொலைவில் இருந்து உள்ளே நுழைந்து கட்டளை கொடுக்கும் முறை) வழியாகத்தான் பார்த்துக்கொள்கிறேன். போன மாதம் இணையம் போய் ஒன்றரை நாள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியவில்லை. இரவு பேக்கப் ஓடியதா, பாதியில் நின்றதா என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். இனி அப்படி ஒரு நிலை வரக்கூடாது என்று வேறொரு நிறுவனத்திடம் இரண்டாவது லைன் வாங்கினோம். இரண்டு லைனுக்கும் தனித்தனி ஸ்டாட்டிக் (மாறாத) ஐபி, தனித்தனி ரௌட்டர்.

இரண்டு ரௌட்டரும் ஒரே சுவிட்சில்தான் செருகியிருக்கிறது. முதல் ரௌட்டர் 192.168.10.1, இரண்டாவது 192.168.10.2 (இதில் கணினிகளுக்குத் தானாக ஐபி கொடுக்கும் டிஎச்சிபியை அணைத்துவிட்டேன்), சர்வர் 192.168.10.20, சர்வரின் கேட்வே (வெளியே போகும் வாசல்) 192.168.10.1. இரண்டு ரௌட்டரிலும் எஸ்எஸ்எச்சின் போர்ட் 22ஐ 192.168.10.20க்கு ஃபார்வர்டு செய்திருக்கிறேன்.

முதல் லைனின் ஐபிக்குப் போனால் உடனே உள்ளே விடுகிறது. இரண்டாவது லைனின் ஐபிக்குப் போனால் நிமிடக்கணக்கில் நின்று கடைசியில் டைம்அவுட். சர்வரின் கேட்வேயை 192.168.10.2 என்று மாற்றிப் பார்த்தேன், அப்போது இரண்டாவது லைன் அருமையாக வேலை செய்கிறது, ஆனால் முதல் லைன் டைம்அவுட் ஆகிறது. அப்படியென்றால் ஃபார்வர்டு இரண்டிலும் சரியாகத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்க வேண்டும், அதுதான் எனக்குத் தேவை. என்ன செய்யலாம்?

கம்பிச்சுருள் எழுதியது:

சர்வரில் இரண்டு டீஃபால்ட் ரூட் (தனி வழி குறிப்பிடாதபோது எடுக்கும் வழி) போடுங்கள் நண்பரே. 192.168.10.1க்கு மெட்ரிக் (முன்னுரிமை எண், குறைந்தது முதலில்) 100, 192.168.10.2க்கு மெட்ரிக் 200. ஒன்று போனால் மற்றொன்று எடுத்துக்கொள்ளும்.

வடக்குமாடி எழுதியது:

பதிலுக்கு நன்றி. போட்டுப் பார்த்துவிட்டேன், ஒரு மாற்றமும் இல்லை. முதல் லைனின் கேபிளை ரௌட்டரின் பின்னால் இருந்து உருவிவிட்டும் பார்த்தேன், அப்போதும் இரண்டாவது லைன் வழியாக வரமுடியவில்லை.

நடுநிசி எழுதியது:

மெட்ரிக் இதற்கு உதவாது. மெட்ரிக் குறைந்த ரூட் ரூட்டிங் டேபிளில் (வழிகளின் அட்டவணையில்) இருக்கும்வரை அதைத்தான் கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) எடுக்கும். நீங்கள் உருவியது ரௌட்டருக்குப் பின்னால் இருக்கும் கேபிளை. சர்வருக்கும் சுவிட்சுக்கும் நடுவே எதுவும் அறுபடவில்லையே, ஆகவே சர்வரைப் பொறுத்தவரை 192.168.10.1 உயிரோடுதான் இருக்கிறது, அதற்கப்பால் இணையம் செத்துப்போனது அதற்குத் தெரியாது.

உங்கள் பிரச்சினை வருகிற பாக்கெட்டில் இல்லை, திரும்பிப் போகிற பாக்கெட்டில் இருக்கிறது. கேட்வேயை மாற்றியதும் லைன்கள் இடம் மாறின என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. ஆனாலும் ஊகித்துக்கொண்டு எதையும் மாற்றவேண்டாம், கண்ணால் பார்த்துவிடுவோம். சர்வரில் டிசிபிடம்பை (போகிற வருகிற பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) போர்ட் 22க்கு மட்டும் ஓடவிடுங்கள், மைனஸ் இ சேர்த்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் மேக் முகவரியும் (கருவியின் வன்பொருள் முகவரி) தெரியும். ஓடவிட்டபின் மொபைல் டேட்டாவில் இருந்து இரண்டாவது லைனின் ஐபிக்கு எஸ்எஸ்எச் செய்யுங்கள். அலுவலக வைஃபையில் இருந்து சோதிக்காதீர்கள், உள்ளிருந்து வெளி ஐபிக்குப் போய் மறுபடி உள்ளே வருவது வேறு ஒரு தலைவலி, இரண்டையும் குழப்பிக்கொள்வீர்கள்.

வடக்குமாடி எழுதியது:

பார்த்தேன். போனில் இருந்து எஸ்எஸ்எச் அழுத்திய உடனே ஒரு சின் பாக்கெட் (இணைப்புக் கேட்பது) வருகிறது, அடுத்த வரியிலேயே சர்வர் சின்-ஆக் (அதற்கான சம்மதம்) அனுப்புகிறது. ஆனால் 1 விநாடி கழித்து அதே சின் மறுபடி வருகிறது, அப்புறம் 2 விநாடி, அப்புறம் 4 விநாடி இடைவெளியில் திரும்பத் திரும்ப. ஒவ்வொரு முறையும் சர்வர் பதில் அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறது.

மேக் முகவரியைக் கவனித்தேன். வருகிற சின் 72 என்று முடியும் மேக்கில் இருந்து வருகிறது, அது இரண்டாவது ரௌட்டர். போகிற சின்-ஆக் 19 என்று முடியும் மேக்குக்குப் போகிறது, அது முதல் ரௌட்டர்.

நடுநிசி எழுதியது:

அவ்வளவுதான், பிடிபட்டுவிட்டது.

பாக்கெட் எந்த ரௌட்டர் கையால் வந்தது என்று லினக்ஸ் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. பதில் அனுப்பும்போது போகவேண்டிய முகவரியை மட்டும் பார்க்கும், ரூட்டிங் டேபிளைப் பார்க்கும், டீஃபால்ட் 192.168.10.1 என்று இருந்தால் அங்கே கொடுத்துவிடும். முதல் ரௌட்டருக்கோ இந்த உரையாடல் பற்றி எதுவும் தெரியாது, அது சின்னைப் பார்க்கவே இல்லை, திடீரென்று ஒரு சின்-ஆக் வந்தால் பெரும்பாலும் அங்கேயே போட்டுவிடும். ஒருவேளை வெளியே விட்டாலும் தன் சொந்த ஐபியை ஒட்டித்தான் அனுப்பும். உங்கள் போன் ஒரு முகவரியைக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்கிறது, பதில் வேறொரு முகவரியில் இருந்து வந்தால் அதை ஏற்காது. அதனால்தான் 1, 2, 4 என்று மறுபடி மறுபடி தட்டுகிறது.

இரண்டு லைனையும் நேரடியாகச் சர்வரிலேயே செருகியிருப்பவர்களுக்கும் இதே கதைதான், அங்கே ரௌட்டருக்குப் பதில் இணைய நிறுவனமே பாக்கெட்டைத் தடுக்கும். தன் வலைக்குச் சொந்தமில்லாத மூல முகவரியோடு கிளம்பும் பாக்கெட்டை வெளியே விடக்கூடாது என்பது 2000ஆம் ஆண்டு வெளியான ஆர்எஃப்சி 2827 என்ற இணைய ஆவணம் சொல்லும் நடைமுறை. பொய் முகவரி வைத்துத் தாக்குவதைத் தடுக்க வந்தது அது, நல்ல நோக்கம்தான், ஆனால் இரண்டு லைன் வைத்திருப்பவர் கவனிக்காமல் விட்டால் அவரையும் பிடிக்கும்.

இனி தீர்வு. சர்வருக்கு இன்னொரு நெட்வொர்க் கார்டு வேண்டாம். இருக்கிற கார்டிலேயே இரண்டாவது ஐபி ஒன்று கொடுங்கள், 192.168.10.21 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது ரௌட்டரின் ஃபார்வர்டை 20இல் இருந்து 21க்கு மாற்றுங்கள். முதல் ரௌட்டர் அப்படியே 20க்கே அனுப்பட்டும். இப்போது எந்த லைன் வழியாக வந்தது என்பது சர்வரின் எந்த ஐபிக்கு வந்தது என்பதிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. 21இல் இருந்து கிளம்பும் பதில்கள் மட்டும் வேறு ரூட்டிங் டேபிளைப் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. வரிசையாக (ஆங்கிலக் கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன், ஈத்0 என்பது நெட்வொர்க் கார்டின் பெயர்):

ஐபி அட்ரஸ் ஆட் 192.168.10.21/24 டெவ் ஈத்0
ஐபி ரூட் ஆட் 192.168.10.0/24 டெவ் ஈத்0 டேபிள் 200
ஐபி ரூட் ஆட் டீஃபால்ட் வயா 192.168.10.2 டேபிள் 200
ஐபி ரூல் ஆட் ஃப்ரம் 192.168.10.21 டேபிள் 200

இரண்டாவது வரியைப் பலர் விட்டுவிடுவார்கள். அது இல்லாவிட்டால் பக்கத்து மேசைக் கணினிக்கு 21இல் இருந்து போகிற பதில்கூட ரௌட்டருக்குப் போய்ச் சுற்றிக்கொண்டு வரும். 200 என்ற எண் உங்கள் விருப்பம், 253, 254, 255 மூன்றும் ஏற்கெனவே எடுக்கப்பட்டவை, அவற்றை மட்டும் தொடவேண்டாம்.

போட்டுமுடித்ததும் ஐபி ரூட் கெட் 198.51.100.7 ஃப்ரம் 192.168.10.21 என்று கேட்டுப் பாருங்கள். பதிலில் 192.168.10.2 வழியாக என்று வரவேண்டும். எந்தப் பாக்கெட்டும் அனுப்பாமல் கெர்னலின் முடிவை மட்டும் கேட்பது இது, ஆகவே பயமில்லாமல் எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம்.

பழையகீபோர்டு எழுதியது:

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன், இதைக் கைவிடாமல் செய்யுங்கள். தொலைவில் உட்கார்ந்துகொண்டு ரூட்டைத் தொடுவதற்கு முன் சர்வரை 10 நிமிடம் கழித்து ரீபூட் ஆகச் சொல்லிவையுங்கள், ஷட்டவுன் மைனஸ் ஆர் பிளஸ் 10. மேலே சொன்ன நான்கு கட்டளைகளும் நினைவகத்தில் மட்டும்தான் இருக்கின்றன, ரீபூட் ஆனால் பழைய நிலைக்கு வந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தால் ஷட்டவுன் மைனஸ் சி போட்டு ரத்து செய்துவிடலாம். ஒரு முறை டீஃபால்ட் ரூட்டை அழித்துவிட்டு என் திரை அப்படியே உறைந்து நின்றது, ராத்திரி 11 மணிக்கு வண்டி எடுத்துக்கொண்டு போய்ச் சர்வர் முன்னால் நின்று கீபோர்டைச் செருகினேன். அன்றிலிருந்து இந்த 10 நிமிடம் இல்லாமல் கையை வைப்பதில்லை. நெட்பிளான் (நெட்வொர்க் அமைக்கும் கருவி) பயன்படுத்துபவர்களுக்கு நெட்பிளான் ட்ரை இருக்கிறது, 120 விநாடிக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் அதுவே பழையதற்குத் திரும்பிவிடும்.

கம்பிச்சுருள் எழுதியது:

மெட்ரிக் பற்றி நான் சொன்னது தவறு, இப்போது புரிகிறது. அது சர்வரே கிளம்பிப் போகிற இணைப்புகளுக்கானது. ஒரு கேள்வி: இரண்டாவது ரௌட்டரிலேயே மாஸ்கரேடு போட்டு, உள்ளே வருகிற பாக்கெட்டின் மூல முகவரியை 192.168.10.2 என்று மாற்றிவிட்டால் சர்வரில் எதையும் தொடவேண்டியதில்லையே? பதில் தானாக 192.168.10.2க்குத்தானே போகும்?

நடுநிசி எழுதியது:

போகும், வேலையும் செய்யும். சர்வரைத் தொட அனுமதி இல்லாத இடத்தில் அதுதான் ஒரே வழி, நானும் செய்திருக்கிறேன். ஆனால் விலை ஒன்று கொடுக்கவேண்டும்: இரண்டாவது லைன் வழியாக வருகிற எல்லாரும் சர்வர் லாகில் 192.168.10.2 என்றே பதிவாவார்கள். யார் தட்டினார்கள் என்று தெரியாது. ஃபெயில்2பேன் (தவறாக நுழைய முயலும் ஐபியைத் தடுக்கும் மென்பொருள்) வைத்திருந்தால் யாரோ ஒருவர் ஐந்து முறை தவறான பாஸ்வேர்டு அடித்ததற்கு அது ரௌட்டரையே தடை செய்துவிடும், அந்த லைன் முழுக்க மூடிக்கொள்ளும். எந்த லைனை ஆபத்துக்கு என்று வைத்திருக்கிறோமோ அதை அப்படி விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கரைவீடு எழுதியது:

நான் கொஞ்சம் வேறு அமைப்பில் இதே சிக்கலில் மாட்டினேன், யாருக்காவது உதவலாம். என் சர்வரில் இரண்டு கார்டு, ஒவ்வொரு லைனும் ஒவ்வொரு கார்டில், இரண்டுக்கும் வேறு வேறு சப்நெட் (முகவரித் தொகுதி). டிசிபிடம்பில் எனக்குச் சின் வருவது தெரிந்தது, ஆனால் சின்-ஆக் போகவே இல்லை. வடக்குமாடிக்குப் பதில் வேறு வழியில் போனது, எனக்குப் பதிலே கிளம்பவில்லை, இரண்டும் ஒன்றல்ல. ஃபயர்வாலை இரண்டு நாள் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். உண்மையில் தடுத்தது ஆர்பி ஃபில்டர் என்ற கெர்னல் அமைப்பு. ஒரு பாக்கெட் ஒரு கார்டில் வந்தால், அதன் மூல முகவரிக்குப் பதில் அனுப்பினால் அதே கார்டு வழியாகப் போகுமா என்று கெர்னல் பார்க்கும், போகாது என்றால் சத்தமில்லாமல் போட்டுவிடும். மதிப்பு 1 என்றால் இந்தக் கண்டிப்பு, 2 என்றால் ஏதாவது ஒரு கார்டு வழியாகப் போகமுடிந்தால் போதும், 0 என்றால் பார்க்கவே பார்க்காது. ஆல் (எல்லாக் கார்டுக்கும் பொது) என்பதற்கு ஒரு மதிப்பு, ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு மதிப்பு, இரண்டில் எது பெரியதோ அதுதான் செல்லும். கார்டுக்கு மட்டும் 0 போட்டுவிட்டு மாறவில்லையே என்று நான் முழித்தது இதனால்தான். லாக் மார்ஷியன்ஸ் என்ற அமைப்பை 1 ஆக்கினால் இப்படித் தள்ளிய பாக்கெட்டுகளைக் கெர்னல் லாகில் எழுத ஆரம்பிக்கும், அப்போதுதான் எனக்கு வெளிச்சம் வந்தது.

நடுநிசி எழுதியது:

நல்ல குறிப்பு. அதோடு இதையும் சொல்லிவிடுகிறேன்: மூல முகவரியை வைத்து ரூல் எழுதினால் அந்தச் சோதனையும் அதே ரூலைப் பார்த்துத்தான் நடக்கும், ஆகவே 1 என்ற மதிப்பிலேயே ஓடும், பாதுகாப்பைத் தளர்த்தவேண்டிய தேவை இல்லை. வடக்குமாடிக்கு ஒரே கார்டு என்பதால் இந்தப் பிரச்சினையே வராது.

மின்மினி22 எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், எனக்கும் இரண்டு லைன், ஆனால் இரண்டாவது 4ஜி சிம் போட்ட ரௌட்டர். மேலே சொன்னபடி எல்லாம் செய்தேன், டிசிபிடம்பில் ஒரு சின்கூட வரவில்லை. ஒன்றுமே வரவில்லை என்றால் எங்கே தேடுவது?

நடுநிசி எழுதியது:

ரௌட்டரின் உள்ளே போய் அதற்கு வெளிப்பக்கம் என்ன ஐபி கிடைத்திருக்கிறது என்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினாலோ, 10இல் தொடங்கினாலோ, அது உங்களுக்கான பொது ஐபி அல்ல. இணைய நிறுவனமே நேட் (முகவரி மாற்றம்) போட்டுப் பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. 100.64.0.0/10 என்ற தொகுதி 2012இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. மொபைல் இணைப்புகளில் இது மிகச் சாதாரணம். வெளியில் இருந்து வருவது நிறுவனத்தின் நேட்டிலேயே நின்றுவிடும், உங்கள் ரௌட்டரில் எத்தனை ஃபார்வர்டு போட்டாலும் பயனில்லை.

உள்ளே வரமுடியாது என்றால் உள்ளிருந்து வெளியே போய்க் கதவைத் திறந்து வைக்கவேண்டும். பொது ஐபி உள்ள ஒரு சிறிய விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) எடுங்கள், சர்வரில் இருந்து அதற்கு வயர்கார்டு டனல் (இணையத்துக்குள் ஒரு தனி விபிஎன் வழி) போடுங்கள். சர்வர் பக்கம் பெர்சிஸ்டெண்ட் கீப்பலைவ் 25 என்று வையுங்கள், 25 விநாடிக்கு ஒரு சிறிய பாக்கெட் போய்க்கொண்டே இருக்கும், நடுவில் இருக்கும் நேட் அந்த இணைப்பை மறந்துவிடாது. உங்கள் லேப்டாப்பில் இருந்து விபிஎஸ்க்குப் போய் அங்கிருந்து டனல் வழியாகச் சர்வருக்கு, எஸ்எஸ்எச் மைனஸ் ஜே போட்டால் ஒரே கட்டளையில் முடியும்.

இரண்டு இடத்தில் கவனம். விபிஎஸ்ஸின் ஐபிக்கு மட்டும் தனியாக ஒரு ரூட் போட்டு 4ஜி ரௌட்டர் வழியாகப் போகச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் டனலும் டீஃபால்ட் வழியாக முதல் லைனிலேயே போகும், நீங்கள் சோதிக்கும்போதெல்லாம் அழகாக வேலை செய்யும், முதல் லைன் செத்த அன்றைக்கு டனலும் சேர்ந்து சாகும். அப்புறம் வயர்கார்டு அமைப்பில் அலௌட் ஐபிஸ் (டனல் வழியாகப் போகவேண்டிய முகவரிகள்) என்ற இடத்தில் விபிஎஸ்ஸின் டனல் முகவரியை மட்டும் எழுதுங்கள். பழக்கதோஷத்தில் 0.0.0.0/0 (எல்லா முகவரியும்) எழுதி, டனலைத் தொடங்கும் டபிள்யூஜி-குவிக்கால் கிளப்பினால் சர்வரின் மொத்தப் போக்குவரத்தும் அந்த 4ஜி வழியாக ஓட ஆரம்பிக்கும்.

வடக்குமாடி எழுதியது:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை 10 நிமிட ரீபூட்டைக் குறித்துவைத்துவிட்டு நான்கு கட்டளைகளையும் போட்டேன். ஒரு ஜன்னலில் முதல் லைன், இன்னொன்றில் இரண்டாவது லைன், இரண்டிலும் ஒரே நேரத்தில் உள்ளே நின்றேன். டிசிபிடம்பில் இப்போது வருவதும் 72, போவதும் 72. அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் நான்கையும் இன்டர்ஃபேஸஸ் கோப்பில் போஸ்ட்-அப் (கார்டு கிளம்பியபின் ஓடும்) வரிகளாக எழுதி ஒரு முறை ரீபூட் செய்தும் சரிபார்த்துவிட்டேன்.

ஒன்று மட்டும் மிச்சம். அதே சர்வரில் டாக்கர் கன்டெய்னரில் (நிரலைத் தனியாகப் பிரித்து ஓட்டும் பெட்டி) ஒரு வெப் பேனல் ஓடுகிறது, போர்ட் 8443. அதையும் இரண்டாவது ரௌட்டரில் 21க்கு ஃபார்வர்டு செய்தேன். எஸ்எஸ்எச் வருகிறது, பேனல் வரவில்லை, பழைய டைம்அவுட் மாதிரியே இருக்கிறது.

நடுநிசி எழுதியது:

ஆம், இது வரும் என்று முதலிலேயே சொல்லியிருக்கவேண்டும். கன்டெய்னருக்கு 172.17 என்று தொடங்கும் தனி முகவரி. அது பதில் அனுப்பும்போது கெர்னல் ரூட் தேடுகிற நேரத்தில் மூல முகவரி இன்னும் 172.17 தான், 21 என்று மாறுவது அதற்கப்புறம். அதனால் உங்கள் ரூல் பொருந்தாமல் பாக்கெட் முதல் ரௌட்டருக்குப் போகிறது.

இங்கே இணைப்பின்மேல் ஒரு குறி போடவேண்டும். ஐபிடேபிள்ஸின் மாங்கிள் ப்ரீரூட்டிங்கில் (ரூட் தேடுவதற்கு முன் பாக்கெட்டைத் தொடும் இடம்) 192.168.10.21க்கு வருகிற புதிய இணைப்புக்குக் கான்மார்க் (இணைப்பின் குறி) 2 என்று வையுங்கள். டாக்கர் பிரிட்ஜில் (கன்டெய்னர்களின் உள்வலையில்) இருந்து வெளியே வருகிற பாக்கெட்டுக்கு மட்டும் அந்தக் கான்மார்க்கை எடுத்துப் பாக்கெட்டின் மார்க்காக ஒட்டுங்கள், ரெஸ்டோர்-மார்க் என்பது அதுதான். கடைசியாக ஐபி ரூல் ஆட் எஃப்டபிள்யூமார்க் 2 டேபிள் 200.

உள்ளே வருகிற பாக்கெட்டிலேயே மார்க்கை ஒட்டிவிடாதீர்கள், நான் ஒரு மதியம் முழுக்க இதில் தொலைத்தேன். ஒட்டினால் கன்டெய்னருக்குப் போகவேண்டிய பாக்கெட்டும் டேபிள் 200ஐப் பார்க்கும், அங்கே 172.17க்கு வழியே இல்லை, டீஃபால்ட் பிடித்து வந்த ரௌட்டருக்கே திருப்பி அனுப்பிவிடும். வரும்போது இணைப்புக்குக் குறி, போகும்போது மட்டும் பாக்கெட்டுக்கு மார்க்.

ஆனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் பேனலை வெளியே திறக்கவே மாட்டேன். எஸ்எஸ்எச் இரண்டு லைனிலும் வருகிறதே, மைனஸ் எல் போட்டு 8443ஐ அதற்குள்ளேயே இழுத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே இரண்டு பொது ஐபியில் தட்டுகிறார்கள், பாஸ்வேர்டு நுழைவை அணைத்துவிட்டு சாவி மட்டும் வையுங்கள்.

வடக்குமாடி எழுதியது:

மைனஸ் எல் போதும், பேனல் இப்போது திறக்கிறது, 8443 ஃபார்வர்டை இரண்டு ரௌட்டரிலும் எடுத்துவிட்டேன். பாஸ்வேர்டு நுழைவையும் அணைத்தாயிற்று.

ஒரு சின்ன விஷயம்: முதல் லைனில் வேலை செய்துகொண்டிருக்கும்போது அது போய்விட்டால் அந்த அமர்வு இரண்டாவது லைனுக்குத் தாவுமா? மோஷ் (எஸ்எஸ்எச் போல இன்னொரு தொலைநுழைவுக் கருவி) போட்டால் சரியாகும் என்று ஒருவர் சொன்னார்.

பழையகீபோர்டு எழுதியது:

தாவாது. டிசிபி இணைப்பு என்பது இரண்டு பக்கத்து ஐபியும் இரண்டு பக்கத்துப் போர்ட்டும் சேர்ந்ததுதான், ஒன்று மாறினாலும் அது வேறு இணைப்பு. மோஷ் உங்கள் பக்கத்து ஐபி மாறினால் தாங்கும், வைஃபையில் இருந்து மொபைலுக்குப் போகலாம். சர்வர் பக்கத்து ஐபி மாறினால் தாங்காது, உங்களுக்கு வேண்டியது அதுவல்லவா. டீமக்ஸுக்குள் (இணைப்பு அறுந்தாலும் அமர்வைச் சர்வரில் உயிரோடு வைத்திருக்கும் மென்பொருள்) வேலை செய்யுங்கள், முதல் லைன் போனால் இரண்டாவது வழியாக வந்து அட்டாச் செய்தால் விட்ட இடத்திலேயே கர்சர் நிற்கும்.

அப்புறம் லேப்டாப்பின் எஸ்எஸ்எச் கான்ஃபிக் கோப்பில் லைன்1, லைன்2 என்று இரண்டு ஹோஸ்ட் எழுதி இரண்டிலும் ஹோஸ்ட்கீ அலியாஸ் (சர்வரின் சாவியை நினைவில் வைக்கும் பெயர்) ஒரே பெயராக வையுங்கள், சாவியைப் புதிதாக ஏற்கவா என்று இரண்டாம் முறை கேட்காது. கனெக்ட் டைம்அவுட்டை 5 விநாடி ஆக்கிக்கொள்ளுங்கள். மாதம் ஒரு நாளாவது வேண்டுமென்றே லைன்2 வழியாகவே வாருங்கள்.

வடக்குமாடி எழுதியது:

எழுதிவிட்டேன். இந்தப் பதிலையே லைன்2 வழியாக டீமக்ஸில் பேக்கப் லாகைத் திறந்து வைத்துக்கொண்டுதான் தட்டுகிறேன், நேற்றிரவு பேக்கப் முழுதாக முடிந்திருக்கிறது.